டெக்சாஸ் பள்ளிக் கடன் பத்திரங்களுக்கு ஜாமீன் நிற்பது யார்?

ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ, கேட்டி பக்கம் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய பேச்சாக இருக்கும். மே மாதமோ நவம்பரோ வந்தால் "ஸ்கூல் பாண்டுக்கு ஓட்டுப் போடலாமா?" என்று ஒருவர் கேட்பார். "அதுக்குத்தான் ஸ்டேட் கேரண்டி இருக்கே, நமக்கென்ன?" என்பார் இன்னொருவர். கேரண்டி இருப்பது உண்மை. "நமக்கென்ன" என்பதுதான் தப்பு.

டெக்சாஸில் அரசுப் பள்ளிக் கட்டடத்தைப் பெரும்பாலும் மாநில அரசு கட்டிக் கொடுப்பதில்லை. ஐ.எஸ்.டி. என்று சொல்கிறோமே, ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பான அந்தந்தப் பள்ளி மாவட்டம் தன் பெயரில் கடன் பத்திரம் விற்று, அந்தப் பணத்தில் கட்டுகிறது. இதற்கு முதலில் ஓட்டுப் போட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சம்மதிக்க வேண்டும். வாங்கிய கடன் உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து பல ஆண்டுகளாக அடைகிறது.

இந்த இடத்தில்தான் ஜாமீன் வருகிறது. ஜாமீன் நிற்பது மாநிலக் கஜானா இல்லை, நிரந்தரப் பள்ளி நிதி என்ற தனி மூலதனம். அதன் கதை பழையது. 1850-இல் டெக்சாஸ் தன் எல்லைக்கு அப்பால் கோரிவந்த நிலத்தை விட்டுக்கொடுத்தது. அதற்கு ஈடாக மத்திய அரசு கொடுத்த ஒரு கோடி டாலரில் 20 லட்சத்தை 1854-இல் பள்ளிகளுக்கென்று ஒதுக்கினார்கள். 1876 அரசியல் சட்டம் மாநிலத்தின் பொது நிலத்தில் பாதியையும் இதற்கே எழுதிவைத்தது. அப்புறம் அந்த நிலத்தில் எண்ணெய் கிடைத்தது. கடலடி எண்ணெயின் ராயல்டியும் சேர்ந்தது. இன்று நிதியின் மதிப்பு 5,000 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. பாடப்புத்தகத்துக்கும் பள்ளி நடத்தும் செலவுக்கும் வருமானம் தருவதுதான் இதன் முதல் வேலை. ஜாமீன் வேலை 1983-இல் அரசியல் சட்டத் திருத்தம் மூலம் சேர்ந்தது. 2014 முதல், அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளில் தகுதியுள்ளவற்றின் பத்திரங்களுக்கும் இது உண்டு.

நம் ஊரில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் பாடு தெரிந்ததுதான். கடன் வாங்கியவர் கைவிரித்தால் இவர் தலையில் விடியும். டெக்சாஸ் ஏற்பாடு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது, ஏனென்றால் இங்கே ஜாமீன்தாரர் பக்கம் நிற்கும் மாநிலமே கடன் வாங்கிய மாவட்டத்துக்குச் சம்பளம் மாதிரி மானியமும் கொடுக்கிறது. ஒரு பள்ளி மாவட்டத்தால் தவணை கட்ட முடியாது என்றால், கெடுவுக்கு ஐந்து நாள் முன்பாவது மாநிலக் கல்வி ஆணையருக்குச் சொல்லிவிட வேண்டும். நிதியிலிருந்து பணம் போய்விடும், பத்திரம் வைத்திருப்பவருக்குத் தொகை தவறாது. பிறகு அந்த மாவட்டத்துக்கு மாநிலம் கொடுக்க வேண்டிய கல்வி மானியத்தில், கட்டிய தொகையும் அதற்கான வட்டியும் பிடிக்கப்படும். அதாவது கடன் தள்ளுபடி ஆவதில்லை, கைமாறுகிறது. திட்டம் தொடங்கியதிலிருந்து எந்தப் பள்ளி மாவட்டமும் இப்படித் தவணை தவறியதில்லை.

யாருமே தவறாத கடனுக்கு ஜாமீன் எதற்கு? வட்டிக்காகத்தான். இந்த நிதி ஜாமீன் நின்றால் பத்திரத்துக்கு மிக உயர்ந்த தரமான 'ட்ரிபிள் ஏ' கிடைக்கிறது. சொந்தப் பெயரில் போனால் அவ்வளவு தரம் கிடைக்காத சின்ன ஊர் மாவட்டமும் பெரிய நகரத்து மாவட்டத்தோடு ஒரே வரிசையில் நின்று கடன் வாங்கலாம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: பத்து கோடி டாலர் கடனில் கால் சதவீதம் குறைந்தால் முதல் ஆண்டில் மட்டும் இரண்டரை லட்சம் டாலர் மிச்சம். மாவட்டம் தனியாகக் கடன் காப்பீடு வாங்கும் செலவும் இல்லை.

கேட்டவருக்கெல்லாம் ஜாமீன் கிடைத்துவிடாது. மாவட்டத்தின் நிதிநிலையையும் அங்கீகாரத்தையும் ஆணையர் பார்ப்பார். மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. இந்தப் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய வருமான வரி கிடையாது என்பதால் வரித்துறையும் ஒரு கோடு போட்டிருக்கிறது. நிதியின் 2009 மதிப்பை வைத்துப் போட்ட பழைய கோடு சுமார் 11,700 கோடி டாலர். மாநிலத்தில் மக்கள் பெருகிப் பள்ளிகள் முளைத்த வேகத்தில், 2022 கடைசியில் அது கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. ஜாமீன் இல்லாமலே சந்தைக்குப் போகும் நிலை வந்தது. 2023 மே மாதம் வரித்துறை கணக்கிடும் முறையை மாற்றியபின் மூச்சுவிட இடம் கிடைத்தது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஜாமீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடனைக் கட்டுவது உங்கள் சொத்து வரிதான். ஜாமீன் வட்டியைக் குறைக்கும், அசலைத் தொடாது. சொத்து மதிப்புக் குறைந்த மாவட்டங்களின் தவணைக்கு மாநிலம் உதவுவது உண்டு, ஆனால் அது வேறு கணக்கு. 2019-இல் வந்த சட்டப்படி பள்ளிக் கடன் பத்திர வாக்குச்சீட்டில் 'இது சொத்து வரி உயர்வு' என்ற வாசகம் இருந்தே ஆக வேண்டும். வரி விகிதம் மாறாமல் இருக்கப்போகிற ஊரிலும் அதே வாசகம்தான். இது வாக்காளரைக் கொஞ்சம் மிரட்டுகிற ஏற்பாடு என்பது என் எண்ணம். புதிய பத்திரம் விற்கும்போது, 100 டாலர் சொத்து மதிப்புக்கு 50 சென்ட் வரிக்குள் பழைய கடனையும் புதிய கடனையும் கட்ட முடியும் என்று மாவட்டம் காட்ட வேண்டும்.

ஹெச்1பி விசாவிலோ கிரீன் கார்டிலோ இருப்பவர் வரி கட்டுவார், ஓட்டுப் போட முடியாது. குடியுரிமை பெற்றவர் வாடகை வீட்டில் இருந்தாலும் போடலாம்.

எவ்வளவு கட்டுகிறோம் என்று தெரிய வேண்டுமா? பள்ளி மாவட்டத்தின் வரி விகிதம் இரண்டு துண்டாக இருக்கும். 'எம் அண்ட் ஓ' என்பது ஆசிரியர் சம்பளம், மின்சாரம் போன்ற அன்றாடச் செலவுக்கு. 'ஐ அண்ட் எஸ்' என்பதுதான் கட்டடக் கடனுக்கு. அந்த இரண்டாவது விகிதத்தை வீட்டின் வரிவிதிப்பு மதிப்பால் பெருக்கி 100-ஆல் வகுத்தால், கடனில் உங்கள் பங்கு டாலரில் வந்துவிடும்.