வேப், வேப்பிங்: ஆவியா, புகையா, மின்சிகரெட்டா?

சித்தி போன்ல கேட்டாங்க, "ஏன்டா, சிங்கப்பூர் நியூஸ்ல வேப் வேப்னு சொல்றாங்களே, அது நம்ம சளிக்கு வேது பிடிக்கிற மாதிரியா?"ன்னு. சிரிப்பு வந்துச்சு, ஆனா அப்படி ஒண்ணும் தப்பான கேள்வி இல்ல.

வேப்ங்கிறது புகையிலையில இருக்கிற நிகோட்டின் கலந்த திரவத்தை எரிக்காம சூடாக்கி உள்ள இழுக்கிற கருவி. வேப்பர்ங்கிற ஆங்கிலச் சொல்லோட வாலை வெட்டினா வேப். வேப்பர் லத்தீன்லேர்ந்து வந்தது, நீராவின்னு அர்த்தம். வேது நம்ம சொல்லு, வேகுது வெந்துச்சுன்னு சொல்றோமே அந்த வேர்தான். சத்தம் ஒத்துப்போகுதே தவிர சொந்தபந்தம் எதுவும் கிடையாது, உடனே லத்தீனே தமிழ்லேர்ந்துதான் வந்துச்சுன்னு யாரும் கிளம்பிடாதீங்க.

இதுல வேடிக்கை என்னன்னா பொருள் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லு வந்துடுச்சு. 1983ல பிரிட்டன்ல ராப் ஸ்டெப்னிங்கிறவர் நியூ சொசைட்டி பத்திரிகையில எழுதினப்ப, எரிக்காம நிகோட்டின் ஆவிய மட்டும் உள்ள இழுக்கிற கருவி ஒண்ணைப் பத்தி சொல்லிட்டு, இது பழக்கமா ஆச்சுன்னா வேப்பிங்னு பேர் வரும்னு போற போக்குல போட்டிருந்தார். 20 வருஷம் கழிச்சு 2003 வாக்குல சீனாவுல ஹோன் லிக்ங்கிற மருந்தாளுநர் இன்னிக்கு நாம பாக்குற மாதிரிக் கருவிய உருவாக்கினார், 2014ல ஆக்ஸ்ஃபோர்ட் அகராதி வேப்பை அந்த வருஷத்தோட சொல்லா அறிவிச்சுது.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? ஆவின்னு சொன்னா வேலை முடிஞ்சுதுன்னு தோணும், ஆனா அங்கதான் வில்லங்கம். கருவிக்குள்ள இருக்கிற திரவத்துல புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், வாசனைன்னு எல்லாம் கலந்திருக்கும், கம்பிச் சுருள் சூடாகி அதை ஆவியாக்கும், ஆன வேகத்துல அது குளிர்ந்து பொடிப்பொடித் துளியா காத்துல மிதக்கும், நுரையீரலுக்குள்ள போறது அந்தத் துளிங்கதான். அதனால நீராவி இல்ல. எதுவும் எரியாததால புகையும் இல்ல. ஆனா ஆவின்னு சொன்னா நம்மாளுங்க மனசுல வர்றது நொச்சி இலை, போர்வை, சளி, இட்லிச் சட்டி. மாம்பழ வாசனை வேற அடிச்சா எந்த அம்மாவுக்கு சந்தேகம் வரும்? ஆவின்னு மொழிபெயர்க்கிறது விக்கிறவனுக்கு இலவச விளம்பரம்.

மின்சுருட்டுன்னு சிலர் எழுதுறாங்க. சுருட்டு எனக்குப் பிடிச்ச சொல்லு, ஆங்கிலத்துல செரூட்னு இருக்கே அது நம்ம சுருட்டுதான் கப்பலேறிப் போனது. ஆனா இதுல சுருட்டுறதுக்கு இலையே இல்லியே. சிங்கப்பூர் தமிழ்ச் செய்திகள்ல நிலைச்சு நின்ன சொல்லு மின்சிகரெட். பாதி தமிழ் பாதி கடன்தான், இருந்தாலும் என் ஓட்டு அதுக்குத்தான், ஏன்னா சிகரெட்ங்கிற கெட்ட பேரு கூடவே ஒட்டிக்கிட்டு வருது.

சிங்கப்பூர்ல சட்டம் ரொம்ப கறார். 2018 பிப்ரவரி 1லேர்ந்து வாங்குறது, வச்சிருக்கிறது, பிடிக்கிறது எல்லாமே குத்தம். அப்படியும் பசங்க கையில புழங்கிச்சு, அதுக்கு மேல கேபாட்னு ஒண்ணு வந்துச்சு, எட்டோமிடேட் கலந்த குப்பி. எட்டோமிடேட்ங்கிறது ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் ஊசியில ஏத்துற மயக்க மருந்து. அதை இழுத்துட்டு நிக்க முடியாம தள்ளாடுற ஆளுங்க வீடியோ சுத்துனது ஞாபகம் இருக்கும். 2025 ஆகஸ்ட்ல பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேருரையில இனிமே இதைப் போதைப்பொருள் விவகாரமாவே பாப்போம்னார், செப்டம்பர் 1லேர்ந்து எட்டோமிடேட் போதைப்பொருள் சட்டத்தோட சி பிரிவுல சேர்ந்துச்சு. அப்போ சாதா மின்சிகரெட்டுக்கே முதல் தடவை 18 வயசுக்குக் கீழ 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மேல 700 வெள்ளி அபராதம், மறுபடி மாட்டினா மறுவாழ்வுத் திட்டம். இன்னொரு பக்கம் சமூக மன்றங்கள்ல தொட்டி வச்சு, யாரும் எதுவும் கேக்க மாட்டோம், போட்டுட்டுப் போன்னு விட்டாங்க, வேப் பழக்கத்தை விட உதவுற குவிட்வேப் திட்டத்துல தானா உதவி கேட்டு வர்றவங்களுக்குத் தண்டனையும் இல்ல. எனக்கு அபராதத்தை விட இந்தத் தொட்டிதான் பிடிச்சிருந்துச்சு, பதினாலு வயசுப் பையன் பயந்துபோய் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கிறதுக்கு பதிலா கொண்டுபோய்ப் போட ஒரு இடம் இருக்கே.

கேபாட்டுக்கு மட்டும் மின்சிகரெட்ங்கிற சொல்லு பத்தாது. உள்ள இருக்கிறது மயக்க மருந்துன்னா மயக்க மருந்துக் குப்பின்னே எழுதிடலாம், எதுக்குச் செல்லப் பேரு?

வினைச்சொல்லுக்கு நாம மண்டைய உடைக்கவே வேணாம். பசங்க "வேப் அடிக்கிறான்"னுதான் சொல்றாங்க, தண்ணி அடிக்கிறான், தம் அடிக்கிறான், கஞ்சா அடிக்கிறான் வரிசையில அவங்களே கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. சித்திக்கும் அப்படித்தான் சொல்லிப் புரிய வச்சேன். "அப்போ வேது இல்ல"ன்னாங்க.