பக்கத்துத் தோட்டத்து போரும் தைஸ் எழுதிய கணக்கும்

பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டங்களின் நடுவே நின்று பேசினால் ஒரு புகார் கட்டாயம் காதில் விழும். "அவன் போர் போட்டான், என் கிணறு வத்திப்போச்சு." எதிர்த்தரப்பும் விட்டுக்கொடுக்காது. "என் நிலத்துக்கு அடியில இருக்கிற தண்ணியைத்தானே நான் எடுக்கிறேன்?" இந்த வழக்கால் பங்காளிகள் பேச்சை நிறுத்திய வீடுகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறைய உண்டு. இதில் யார் சொல்வது சரி என்று பார்ப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1935-இல் அதை எழுதியவர் சார்லஸ் வெர்னான் தைஸ்.

தைஸ் 1900-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் நியூபோர்ட் என்ற ஊரில் பிறந்தவர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படித்தார், அப்புறம் அங்கேயே நிலவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அரசின் நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவரை நியூ மெக்சிகோவுக்கு அனுப்பினார்கள். மழை குறைந்த வறண்ட பூமி அது. விவசாயிகள் அங்கே பம்பு வைத்துக் கிணற்றுப் பாசனத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு இறைத்தால், எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும்? அவருக்கு முன்னால் வந்து நின்ற கேள்வி இதுதான்.

அதுவரை கையில் இருந்த சூத்திரங்களால் இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. மணல் வழியாகத் தண்ணீர் எந்த விதியில் ஓடுகிறது என்று பிரான்சின் டிஜான் நகரப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856-இல் காட்டியிருந்தார். அந்த விதியைக் கிணற்றுக்குப் பொருத்திய ஜெர்மானியர் குந்தர் தீம் 1906-இல் ஒரு சூத்திரம் தந்தார். ஆனால் இறைக்கும்போது நீர்மட்டம் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அதில் காலத்துக்கு இடமே இல்லை. தைஸ் பார்த்த கிணறுகளோ நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தன.

மோட்டாரைப் போட்டதும் நிலத்தடியில் என்ன நடக்கிறது? முதலில் கிணற்றை ஒட்டிய நீர்மட்டம் இறங்குகிறது. சரிவு உண்டானதும் சுற்றிலும் இருக்கும் தண்ணீர் கிணற்றை நோக்கி நகர்கிறது. வருகிற நீர் முழுவதும் கிணற்றை நெருங்க நெருங்கச் சின்ன வட்டத்துக்குள் நெருக்கியடித்துப் புக வேண்டும், அதனால் அங்கே சரிவு செங்குத்தாக இருக்கும். தள்ளிப் போகப் போகச் சாய்வு தணியும். மொத்தத்தில் நீர்மட்டம் தலைகீழ்க் கூம்பாகிறது. மோட்டார் ஓட ஓட அந்தக் கூம்பு அகலமாகிக்கொண்டே போகும். வட்டம் பெரிதாகிவிட்டால் கொஞ்சம் இறங்கினாலே நிறையத் தண்ணீர் கிடைக்கும் என்பதால் இறங்கும் வேகம் குறையும். குறையுமே ஒழிய, புதுத் தண்ணீர் எங்கிருந்தாவது வந்து சேராத வரை இறக்கம் நிற்காது.

இதை எண்ணில் பிடிக்கத் தைஸுக்குக் கணிதம் போதவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. உலோகத் தகட்டில் ஒரு புள்ளியிலிருந்து வெப்பத்தை உறிஞ்சினால் சுற்றிலும் அது எப்படிக் குளிருமோ, நிலத்தடி நீரும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. சின்சினாட்டியில் கணிதம் பார்த்துக்கொண்டிருந்த நண்பர் கிளாரன்ஸ் லூபினுக்குக் கடிதம் எழுதினார். வெப்பக் கடத்தல் பற்றி கார்ஸ்லா எழுதிய நூலிலிருந்து விடையை எடுத்துக் கொடுத்தார் லூபின். கட்டுரையில் உங்கள் பெயரையும் போடுகிறேன் என்று தைஸ் கேட்டபோது, கணித அளவில் இதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று மறுத்துவிட்டார். நிலத்தடி நீரியலை மாற்றிப்போட்ட கட்டுரை தைஸ் பெயரில் மட்டும் வெளிவந்தது இப்படித்தான்.

அந்தச் சமன்பாட்டில் பாறையைப் பற்றி இரண்டே எண்கள். தண்ணீரை எவ்வளவு தாராளமாக ஓடவிடுகிறது என்பது ஒன்று. மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் எவ்வளவு தண்ணீரை விட்டுக்கொடுக்கிறது என்பது மற்றது. இவற்றிலிருந்து வரும் முடிவு ஒன்றை ஒவ்வொரு தோட்டக்காரரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன். கூம்பு பரவும் வேகத்துக்கும் மோட்டாரின் குதிரைத்திறனுக்கும் சம்பந்தம் இல்லை. பெரிய மோட்டார் கூம்பை ஆழமாக்கும், அவ்வளவுதான். எத்தனை நாளில் எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிப்பவை அந்த இரண்டு எண்கள்தான்.

நம் நிலத்துக்கு வருவோம். இங்கே அடியில் கிடப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் என்று எல்லாமே கெட்டிப் பாறை. மேலே மக்கிப்போன பாறைப் படுகை, அதற்குக் கீழே அங்கங்கே விரிசல். திறந்த கிணறு மக்கின படுகையிலிருந்து குடிக்கிறது. நூறு லிட்டர் கன அளவுள்ள அந்தப் படுகை வடிந்தால் இரண்டு, மூன்று லிட்டர்தான் தேறும். ரிக் வண்டி வந்து துளைக்கும் ஆழத்து விரிசல்களில் இருப்பு இன்னும் சொற்பம். ஓடவிடும் திறன் ஒன்றாகவே இருந்தாலும், இருப்பு நூறில் ஒரு பங்கானால் கூம்பு அதே நேரத்தில் பத்து மடங்கு தூரம் பாயும். 800 அடி போர் தள்ளியிருக்கும் தோட்டத்தைச் சீக்கிரம் தொட்டுவிடுவது இதனால்தான்.

"என் நிலத்துத் தண்ணி" என்ற வாதத்தையும் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஏக்கரைச் சுற்றிப் பாதாளம் வரை சுவர் எழுப்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 5,000 லிட்டர் தரும் போர், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் 40,000 லிட்டர். பாறையில் தேறுவது நூறில் இரண்டு என்றால், இரண்டே நாளில் அந்த ஏக்கருக்கடியில் மட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிடும். தருமபுரியில் வருட மழை 850 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கும் என்று எடுத்தால் ஏக்கருக்குச் சுமார் 3,40,000 லிட்டர். ஒன்பது நாள் மோட்டார் ஓட்டக்கூடக் காணாது. ஏரியிலிருந்து ஊறுவதும் பாய்ச்சியதில் திரும்பி இறங்குவதும் சேர்ந்தால் இன்னும் சில நாள் கூடும். அதைத் தாண்டி ஓடுகிற ஒவ்வொரு நாளும் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது.

எங்கிருந்து என்பதை 1940-இல் இன்னொரு கட்டுரையில் தைஸ் சொன்னார். எந்தக் கிணற்றில் எடுக்கும் தண்ணீரும் மூன்று வழியில்தான் ஈடாகும். நிலத்தடி இருப்பு குறைய வேண்டும், அல்லது முன்பைவிட அதிக நீர் உள்ளே இறங்க வேண்டும், அல்லது ஓடைக்கும் ஊற்றுக்கும் இயல்பாகக் கசிந்து போய்க்கொண்டிருந்தது குறைய வேண்டும். நான்காவது வழி கிடையாது. மழை நின்ற பிறகும் வாணியாறும் பாம்பாறும் எத்தனை நாள் ஓடும் என்பது இந்த மூன்றாவது கணக்கில் வருகிறது. என்னைக் கேட்டால் 1935 கட்டுரையைவிட இதுதான் பெரியது. இதில் ஒரு சூத்திரமும் வேண்டாம், யாருக்கும் புரியும்.

தைஸின் கணக்கு நம் பாறைக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாத் திசையிலும் ஒரே மாதிரியான, எல்லையில்லாத படுகை என்று அவர் வைத்துக்கொண்டார். இங்கே கூம்பு வட்டமாக விரியாமல் விரிசல் போகிற போக்கில் நீளும். நூறு அடியில் இருக்கும் கிணறு அசையாது, அதே ஊற்றுக்கண்ணில் இருக்கும் தூரத்துக் கிணறு இறங்கும். பிளாக் கிரானைட் என்று குவாரியில் வெட்டும் டோலரைட் பாறை, நிலத்துக்குள் சுவர்போல ஓடுகிற இடங்களில் கூம்பு அதில் முட்டி நின்று, இந்தப் பக்கம் ஆழமாகும். தைஸ் கிணற்றின் அகலத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. 30 அடி விட்டமுள்ள நம் கிணற்றில் ஒரு அடித் தண்ணீரே சுமார் 20,000 லிட்டர். மோட்டார் போட்ட முதல் சில மணி நேரம் நாம் இறைப்பது கிணற்றில் தேங்கியதைத்தான், ஊற்றை அல்ல. அகலக் கிணறுகளுக்கான திருத்தத்தை பாபடோபுலோஸ், கூப்பர் இருவரும் 1967-இல் கொடுத்தார்கள்.

ஆழத்துக்குப் போவதில் இங்கே இன்னொரு வினை உண்டு. நெடுங்காலம் பாறையோடு கிடந்த தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்து ஏறுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல் பழுப்பாகும், இன்னும் கூடினால் வருடங்கள் போகப் போக எலும்பையும் பிடிக்கும். காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013-இல்.

இரண்டு மோட்டார்கள் சேர்ந்து ஓடினால் இரண்டு கூம்புகளின் இறக்கமும் அப்படியே கூட்டலாகும். த்ரீ ஃபேஸ் வந்ததும் ஊரில் இருக்கும் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் எடுக்கிறதே, அப்போது நடப்பது அதுதான். நிறுத்தும்போது போர் இருக்கும் இடத்தில் மட்டம் சட்டென்று ஏறத் தொடங்கும். தள்ளி இருக்கும் கிணற்றிலோ இறக்கம் இன்னும் கொஞ்ச காலம் தொடரும், ஏனென்றால் நிறுத்தியதன் பலன் அங்கே போய்ச் சேரவும் நேரம் பிடிக்கிறது. "அவன் மோட்டாரை நிறுத்திட்டான், ஆனாலும் என் தண்ணி இறங்குதே" என்று யாராவது சொன்னால் நம்பலாம். ஒரு கயிறும் கடிகாரமும் வைத்து, நிறுத்திய நிமிடத்திலிருந்து மட்டத்தைக் குறித்துக்கொண்டே வந்தால் பாறையின் குணத்தைக் கணிக்கத் தேவையான எண்கள் கிடைத்துவிடும். அதற்கான சூத்திரமும் அந்த 1935 கட்டுரையிலேயே இருக்கிறது.