இதமான பள்ளத்தாக்கில் மரத்துப்போகும் சுண்டுவிரல்

ஜூன் மாத இறுதியில் ஒரு நாள், சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண்மணி எங்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர், நல்ல உடல்வாகு, பல ஆண்டுகளாகச் சாலையில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே ஒரு தாளை வைத்து, நான் இழுக்கும்போது நழுவ விடாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இடது கையில் தாள் உறுதியாக நின்றது. வலது கையில், பிடியைத் தக்கவைக்கக் கட்டைவிரலின் நுனி மூட்டு தானாக மடங்கிற்று; அப்படியும் தாள் நழுவி என் கைக்கு வந்துவிட்டது. சுண்டுவிரலும் மோதிர விரலில் அதை ஒட்டிய பாதியும் நான்கு நாள்களாக மரத்துக் கிடக்கின்றன என்றார். சரளைப் பாதைக்கான கிராவல் சைக்கிளில் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கின் வனச்சாலைகளில் விடுமுறையைக் கழித்திருந்தார்.

வட இத்தாலியின் தெற்கு டிரோல் பகுதியில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு இது புதிய காட்சி அன்று. வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் முடியும் வரை, இதே குறையோடு வருபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் ஏறும்போது தங்களைக் கெடுத்துக்கொண்டவர்கள் அல்லர். கெடுத்தது இறக்கம். பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தகைய தரையில், எவ்வளவு நேரம் இறங்க வேண்டும் என்று பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

இந்தக் கவனக்குறைவுக்கு இந்த ஊரின் இதமும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். மெரான் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. வடக்கே 3,000 மீட்டருக்கும் மேல் எழும் டெக்ஸல் மலைத்தொடர் குளிர்காற்றைத் தடுத்துவிடுவதாலும், தெற்கு நோக்கிப் பள்ளத்தாக்கு திறந்திருப்பதாலும், ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே பனைக்குடும்ப மரங்களும் அத்தியும் திராட்சையும் இங்கே வளர்கின்றன. உயர்ந்த கணவாய்களில் பனி மூடிக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே இங்கே அரைக்கைச் சட்டையோடு சைக்கிள் ஓட்ட முடியும். ஆனால், மாதக்கணக்கில் வீட்டுக்குள் இருந்துவிட்டு, கை பழகாத நிலையில், முதல் வாரத்திலேயே ஆயிரம் மீட்டர் சரளைச் சரிவில் இறங்குகிறவர்களும் அந்த மாதங்களில்தான் வருகிறார்கள்.

கையில் நடப்பது என்னவென்றால், முழங்கையின் உட்புறமாக இறங்கி வரும் அல்நார் நரம்பு, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை அடியில், இரண்டு சிறு எலும்புகளுக்கு இடையே உள்ள ஒரு குறுகிய இடுக்கு வழியாக விரல்களுக்குச் செல்கிறது. அந்த இடத்தில் அதைக் காக்கப் பெரிய தசை எதுவும் இல்லை. ஹேண்டில்பாரின் மேல் உடல் எடையைச் சாய்க்கும்போது அழுந்துவது அந்த இடம்தான். தார்ச்சாலையில் அது வெறும் அழுத்தம்; சரளையில் அந்த அழுத்தத்தோடு இடைவிடாத அதிர்வும் சேர்ந்துகொள்கிறது; இறக்கத்தில் எடை முழுவதும் முன்னால் சரிய, பிரேக்கை விடாமல் பிடிக்க வேண்டிய கட்டாயமும் சேருகிறது. உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் இழைகள் மட்டும் பாதிக்கப்பட்டால் மரத்துப்போகும். தசையை இயக்கும் இழைகளும் பாதிக்கப்பட்டால், அந்தப் பெண்மணிக்கு நேர்ந்ததைப் போலப் பிடியே தளர்ந்துவிடும்.

அவருடைய சைக்கிளைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் சாலைச் சைக்கிளுக்கு அடிப்பதைப் போல 4 பார் அழுத்தத்துக்குக் காற்று அடித்திருந்தார். டியூப் இல்லாத அதே அகல டயருக்கு, அவர் எடையுள்ள ஒருவருக்கு இரண்டு பாரை ஒட்டிய அளவே போதும். டியூப் உள்ள டயரென்றால், கல்லில் மோதி டியூப் நசுங்காமலிருக்கச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பிரேக் நெம்புகோலோ அவருடைய சிறிய கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அதை ஹேண்டில்பாருக்கு அருகே கொண்டுவர ஒரு சிறு திருகு இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. எட்டாத பிரேக்கை, நெம்புகோல் பொருந்தியிருக்கும் மேற்பிடியில் கை வைத்தபடியே அழுத்திக்கொண்டு, நோர்டர்பெர்க் என்னும் நிழல் பக்கத்துச் சரிவில் தினமும் அவர் இறங்கியிருக்கிறார். ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் நெம்புவிசை கூடும், ஒன்றிரண்டு விரல்களே போதும், உள்ளங்கையும் ஓய்வு பெறும். அந்தக் கீழ்ப்பிடி பயமாக இருக்கிறது என்று அதைத் தவிர்ப்பவர்களுக்கு, சமதளத்தில் பத்து நிமிடம் பழகிவிட்டு மலையேறுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி பாதைகள். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஆவர் என்ற ஊரிலிருந்து சான் லுகானோ கணவாய்க்கு ஏறும் பழைய ரயில் தடத்தைத்தான். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரிய-ஹங்கேரிய ராணுவம் போட்ட அந்த ரயில் பாதை 1963இல் நிறுத்தப்பட்டது. தண்டவாளங்கள் போய், பாலங்களும் சுரங்கங்களும் நிற்கின்றன. ரயில் ஏறிய சரிவு என்பதால், 1,097 மீட்டர் உயரத்துக்குப் போனாலும் எங்கேயும் மூச்சுத் திணற வைக்காது. அதைவிட முக்கியமாக, திரும்பி இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தாலே போதும். சுரங்கங்களுக்காக விளக்கு கொண்டுசெல்லுங்கள்; வெயிலிலிருந்து உள்ளே நுழையும்போது கண் பழகுவதற்குள் தரையிலுள்ள குழி தெரியாது. அடுத்ததாக, கால்டர்ன் ஏரிக்கும் மொண்டிகல் ஏரிகளுக்கும் இடையிலான காட்டுப் பாதைகளைச் சொல்வேன். அங்கே ஏற்ற இறக்கம் குறுகியது, மாறி மாறி வருவது. கைக்கு இடைவேளை தானாகக் கிடைக்கும்.

வின்ஷ்காவின் மேல்முனையிலுள்ள மால்ஸ் வரை ரயிலில் போய் எட்ச் ஆற்றை ஒட்டி மெரானுக்கு இறங்குவது பலரும் விரும்பும் பயணம். சுமார் 60 கிலோமீட்டர், ஆப்பிள் தோட்டங்களின் நடுவே, பெரும்பகுதி தார் போட்ட பாதை. கைக்கு அதில் கேடு குறைவு. அதே ஆற்றோரம் போட்சன் நகருக்குத் தெற்கே ஓட்டுபவர்கள் மட்டும் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். வானம் தெளிந்த நாள்களில் பிற்பகலில் கார்டா ஏரிப் பக்கமிருந்து ‘ஓரா’ என்னும் தென்காற்று வீசும். அதை எதிர்த்துக் குனிந்து ஓட்டினால், சமதளத்திலும் எடை முழுவதும் உள்ளங்கைக்கு வந்துவிடும். காலையில் தெற்கே போய்விட்டு, மாலையில் காற்றோடு திரும்புங்கள்.

பழைய பாசன வாய்க்கால்களை இங்கே ‘வால்’ என்கிறார்கள். அவற்றின் கரையோரப் பாதைகள் வாய்க்கால் நீரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நடந்து போவதற்காகப் போடப்பட்டவை. ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் சரிவு, நடுவே ஓர் ஆள் நடக்கும் அகலம். படத்தில் பார்த்துவிட்டுச் சைக்கிளோடு அங்கே நுழையாதீர்கள். பெரும்பாலானவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நடந்து வருபவர்களுக்கு ஒதுங்க இடமும் இல்லை.

உயரமான வனச்சாலைகளை யாரும் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு மூன்றாவது, நான்காவது நாளில் போகலாம். மேலே ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு பாகை குறைந்திருக்கும். வியர்வையில் நனைந்த கையுறையோடு இறங்கினால் விரல்கள் விறைத்து, பிரேக் பிடிப்பதே கடினமாகும். உலர்ந்த கையுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, விரல்களை விரித்து மடக்கி, மணிக்கட்டைத் தளர்த்திக்கொள்ளுங்கள். மரத்துப்போன உணர்வு இரவு தூங்கி எழுந்தபின் மறைந்துவிட்டால், மறுநாள் தட்டையான பாதையைத் தேர்ந்தெடுங்கள். மறையாவிட்டால் சைக்கிளை நிறுத்திவிடுங்கள். விரல்களை அகல விரிக்க முடியவில்லை, சாவியைத் திருப்ப முடியவில்லை என்றால், விடுமுறை முடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அழுத்தம் நீடிக்க நீடிக்க, நரம்பு மீளும் காலமும் வாரங்களிலிருந்து மாதங்களாக நீளும்.

அந்தப் பெண்மணிக்கு உணர்ச்சி திரும்ப ஆறு வாரம் ஆயிற்று. பிடியில் வலு திரும்பச் செப்டம்பர் ஆகிவிட்டது. அக்டோபரில், காற்றைக் குறைத்த டயரோடும் அருகே கொண்டுவந்த பிரேக்கோடும், பழைய ரயில் தடத்தில் பாதி தூரம் போய்த் திரும்பினார். மீதியை வசந்த காலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம்.