மூடியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும்

ஆடி முடிந்ததும் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "சார், மழைக்கு முன்னால் எங்கள் மழைநீர்த் தொட்டியை ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள்." சென்னையில் கட்டடங்களின் நீர் வேலைகளைக் கவனிக்கும் பொறியாளர் நான். சென்ற ஆண்டு போன ஒரு குடியிருப்பில், மாடியில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் அந்தத் தொட்டி எங்கே என்று செயலாளருக்கே தெரியவில்லை. பூந்தொட்டிகளை நகர்த்தி, சிமென்ட் மூடியைக் கடப்பாறையால் நெம்பித் திறந்தோம். நீரை வடிகட்டும் கூழாங்கல் இருக்க வேண்டிய இடத்தில் சேறும் மட்கிய இலைகளும். மொட்டைமாடியிலிருந்து வரும் குழாயை யாரோ பாதியில் அறுத்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். கோடை முழுவதும் அங்கே லாரித் தண்ணீர்தான்.

அவர்கள் சட்டத்தை மதிக்காதவர்கள் அல்லர். கட்டியபோது எல்லாம் முறையாகவே அமைத்திருந்தார்கள். பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

2003இல் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. உரிமையாளர் செய்யத் தவறினால் உள்ளாட்சியே அமைத்து, செலவைச் சொத்து வரி போல வசூலிக்கலாம் என்ற அளவுக்குக் கண்டிப்பான சட்டம் அது. இன்றும் அதை எண்ணிப் பெருமைப்படுகிறேன். ஆனால் 2019 கோடையில் நகருக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தோமே! தொட்டி கட்டியிருக்கிறதா என்று கேட்ட சட்டம், அது வேலை செய்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்டிருக்க வேண்டும்.

சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மி.மீ. மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் மட்டும் சுமார் 1,30,000 லிட்டர் விழும். ஆவியாவதும் வழிந்தோடுவதும் போக ஒரு லட்சம் லிட்டராவது மண்ணுக்குள் போகும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு நடை.

மண்ணையும் பார்க்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணற்பகுதிகளில் ஆழமில்லாத குழியே போதும். களிமண் பகுதியில் அதே குழி வெறும் குட்டையாகிவிடும். அங்கே களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும்வரை உறைகிணறு இறக்க வேண்டும். ஆனால் இருவகை மண்ணுக்கும் ஒரே வரைபடத்தை நகலெடுத்து அனுமதி வாங்கியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வார்டு வாரியாக மண் வரைபடத்தை மாநகராட்சி வெளியிட்டாலே பாதித் தவறுகள் குறையும்.

ஆவணி, புரட்டாசியில் ஒவ்வொரு வார்டிலும் ஆய்வு நடத்தலாம். நன்றாகப் பராமரிப்பவர்களுக்குச் சொத்து வரியில் சிறு தள்ளுபடி தரலாம். அதற்கும் முன்னால் மாநகராட்சி தன் பள்ளிகளின், அலுவலகங்களின் மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும். சில பூங்காக்களில் மழைநீரை உறிஞ்சும் ஸ்பாஞ்ச் குளங்களை அமைத்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம் அது.

எனக்குப் பெரிய கவலை தெரு வடிகால்கள்தான். அவற்றின் அடியில் உறைகிணறு இறக்கினால் கடலுக்கு ஓடும் நீரில் ஒரு பங்கையாவது நிலத்துக்குள் அனுப்பலாமே என்று பலரும் கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வடிகால்களில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்புகள் இருக்கின்றன. அவற்றைத் துண்டிக்காமல் கிணறு இறக்கினால் நிலத்தடி நீருக்கு நாமே சாக்கடையை ஊட்டுகிறோம். வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இருவரும் ஒரே நாளில், ஒரே தெருவில் வந்து நின்று பார்த்தாலொழிய இது தீராது.

அந்தக் குடியிருப்பில் குழாயை மீண்டும் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். கூழாங்கல்லை அள்ளிக் கழுவி, வெயிலில் உலர்த்தி நிரப்பினோம். முதல் மழையில் மாடியின் தூசியெல்லாம் இறங்கும் என்பதால் அந்த நீரை மட்டும் வெளியே விடச் சொல்லி, வால்வைத் திருப்பும் விதத்தைக் காவலாளிக்கும் செயலாளருக்கும் காட்டிவிட்டு வந்தேன். மூடியின் மேல் இப்போது பூந்தொட்டி இல்லை.