கப்பி மீன்: பெண்ணுக்குள் மறைந்திருக்கும் பாதி நிறம்

ஆண் கப்பிக்குத்தான் நிறமும் விசிறி வாலும். பெண் பெரும்பாலும் சாம்பல் பூத்து, உருண்டு திரண்டு இருக்கும். அதனாலேயே பலர் ஆணை மட்டும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிவிட்டு, பெண்ணை ஏனோதானோவென்று சேர்த்துவிடுகிறார்கள். குஞ்சின் மரபணுக்களில் பாதி தாயிடமிருந்து வருகிறது. நிற மரபணு அவளிடமும் உண்டு. ஆண் ஹார்மோன் போதாததால் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே பெண்ணை எடைபோட அவளை மட்டும் பார்த்தால் போதாது. அவளுடைய அண்ணன் தம்பிகளையும், பிறகு அவள் ஈன்ற மகன்களையும் பார்க்க வேண்டும்.

பெண் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஒருமுறை இணைசேர்ந்தால் விந்தை உடலுக்குள்ளேயே சேமித்துவைத்து, ஆணே இல்லாத தொட்டியிலும் மாதக்கணக்கில் குஞ்சு போடும். ஆண்களோடு ஒன்றாக வளர்ந்த பெண்ணை வாங்கிவந்து விருப்பமான ஆணுடன் விட்டால், பிறக்கும் குஞ்சுகளின் தகப்பன் யார் என்று அடித்துச் சொல்ல முடியாது. இனத்தேர்வுக்கு இணைசேராத பெண்தான் வேண்டும். அதை வீட்டிலேயே பிரித்தெடுப்பதே நம்பகமான வழி.

குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆனதும் பிரிக்கத் தொடங்கலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெண்ணுக்கு வயிற்றின் பின்புறம், மலத்துவாரத்துக்குச் சற்று மேலே, கருத்த புள்ளி தெரியும்; அதன் அடித்துடுப்பு முக்கோணமாகவே இருக்கும். ஆணின் அடித்துடுப்பு நான்காம் வாரவாக்கில் குறுகி நீளத் தொடங்கி, பின்னர் குச்சிபோல் இணையுறுப்பாக மாறும். ஒருநாள் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. மெதுவாக வளரும் ஆண் ஒன்று பெண் தொட்டியில் தங்கிவிட்டால் அந்த ஈட்டுப் பெண்கள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. இரண்டு மாதம் ஆகும்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பெண் தொட்டியைச் சோதியுங்கள்.

ஒரு வம்சத்துக்கு 20 முதல் 30 லிட்டர் கொள்ளும் தொட்டிகள் நான்கு தேவைப்படும்: இனச்சேர்க்கைக்கு ஒன்று, குஞ்சுகளுக்கு ஒன்று, இளம் ஆண்களுக்கு ஒன்று, இளம் பெண்களுக்கு ஒன்று. ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். வெப்பநிலை 24 முதல் 26 டிகிரி செல்சியஸ். சற்றே கடினமான, பிஎச் 7-க்கு மேற்பட்ட நீர் கப்பிக்கு ஒத்துவரும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்று விட்டு, வயிறு புடைத்ததும் பெண்களைத் தனித்தனியாக மாற்றுங்கள். சுமார் நான்கு வாரத்தில் ஈனும். தாயே குஞ்சைத் தின்னும் என்பதால் தொட்டியில் ஜாவா மாஸ் என்னும் நீர்ப்பாசிச் செடி அடர்த்தியாக இருக்கட்டும். ஈன்றதும் தாயை எடுத்துவிடுங்கள். முதல் மாதம் அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறாலைத் தினமும் இரண்டு மூன்று வேளை கொடுத்தால் வரும் வளர்ச்சியை, பின்னால் எதைக் கொட்டினாலும் பிடிக்க முடியாது.

இனி எந்தக் குணம் எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். 1920-இல் டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட், முதுகுத்துடுப்பில் இருந்த ஒரு கரும்புள்ளி தந்தையிடமிருந்து மகன்களுக்கு மட்டுமே போவதைக் காட்டினார். அந்த மரபணு, ஆணிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில் இருந்தது. பாம்புத்தோல் வரி போன்ற பல கோலங்களும் பெரும்பாலும் அப்படித்தான்: ஆணிடம் இருந்தால் எல்லா மகன்களுக்கும் வரும், எந்தப் பெண்ணைச் சேர்த்தாலும். ஆனால் வாலின் அகலமும் உடல் பருமனும் தாய் வழியாகவும் வருவதால், கோலம் அப்பாவுடையதாகவும் வால் சிறுத்தும் மகன்கள் பிறப்பதுண்டு.

எக்ஸ் குரோமோசோம் பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று. அதில் இருக்கும் குணமோ ஒரு தலைமுறை தாண்டும். தந்தை தன் எக்ஸை மகள்களுக்கு மட்டுமே தருகிறார். மகன்களிடம் ஒன்றும் தெரியாது. அதைக் கண்டு "குணம் போய்விட்டது" என்று மகள்களை ஒதுக்கிவிடுவது வழக்கமான தவறு. அந்த மகள்களின் மகன்களில் சுமார் பாதிப் பேருக்கு அது திரும்பும்.

உடலின் அடிநிறம் மூன்றாவது வகை. ஆண் பெண் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியும். வெளிர்நிற ‘பிளாண்ட்’ ஓர் ஒடுங்கு பண்பு, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளியே தெரியும். சாம்பல் நிற மீனுடன் சேர்த்தால் முதல் தலைமுறை முழுக்கச் சாம்பல்தான். உடன்பிறப்புகளைச் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று பிளாண்ட். 40 குஞ்சில் சுமார் 10. முதல் தலைமுறை மகளைப் பிளாண்ட் தந்தையுடனேயே சேர்த்தால் பாதி கிடைக்கும். இரண்டு ஒடுங்கு பண்புகளை ஒரே மீனில் கொண்டுவர நினைத்தால் வாய்ப்பு 16-இல் ஒன்று. ஒரே ஈட்டை நம்பி உட்காரக் கூடாது. பிளாண்ட் மீனையும் ‘கோல்டன்’ மீனையும் சேர்த்துவிட்டு, குஞ்சுகளெல்லாம் சாம்பலாகப் பிறப்பதைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. இரண்டும் வெளிறிய நிறம்தான், மரபணுக்கள் வேறு வேறு.

தேர்வில் நயமான ஒரு பொறி இருக்கிறது. ஈட்டில் முதலில் நிறம் பிடிக்கும் ஆண் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஆண் கப்பி பருவமடைந்ததும் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். சீக்கிரம் பருவமடைந்தது என்றால் சிறிதாகவே நின்றுவிட்டது என்று பொருள். அதையே ஒவ்வொரு தலைமுறையிலும் பொறுக்கினால் வம்சம் குறுகிக்கொண்டே போகும். நான்கு மாதம் பொறுத்து, உடல் நீளம், நேரான முதுகு, கிழியாத வால் மூன்றையும் பார்த்து எடுங்கள். பெண்ணில் பார்க்க வேண்டியது தடித்த வால் தண்டும் அகன்ற வால்துடுப்பும்.

ரிப்பன் வகையில் துடுப்புகள் நீளும்போது ஆணின் இணையுறுப்பும் நீண்டு பயனற்றுப்போகும். அங்கே அழகான ஆணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது; ரிப்பன் பெண்ணை, சாதாரணத் துடுப்புள்ள அவள் சகோதரனுடன் சேர்ப்பதே வழி.

நெருங்கிய உறவுகளையே தொடர்ந்து சேர்த்தால் குணம் நிலைக்கும், கூடவே குறைகளும் நிலைக்கும். ஈட்டில் குஞ்சு எண்ணிக்கை குறைவது, வளைந்த முதுகு, சிறுத்த உடல் ஆகியவை முதல் அறிகுறிகள். ஆரம்பத்திலேயே ஒரே வம்சத்தை இரண்டு கிளைகளாகப் பிரித்து வளர்த்தால், சில தலைமுறைக்குப் பிறகு ஒன்றின் ஆணை மற்றொன்றின் பெண்ணுடன் சேர்த்துச் சரிசெய்யலாம். வெளியிலிருந்து புது மீன் கொண்டுவருவதாக இருந்தால் ஒரு ஜோடியில் மட்டும் சோதியுங்கள். பேரக்குஞ்சுகளுக்கு நிறம் ஏறும்வரை பழைய கிளைகளில் கலக்க வேண்டாம்.