சக்கரம் கிறீச்சிட்டால் எண்ணெயைத் தேடாதீர்கள்

சென்ற வாரமும் ஒரு பைக் அப்படித்தான் எங்கள் பட்டறைக்கு வந்தது. முன்சக்கரத்தில் கிறீச் சத்தம் வருகிறதென்று, செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயை வண்டிக்காரர் சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டான டிஸ்க்கின் மீது அடித்துவிட்டார். சத்தம் நின்றது, பிரேக்கும் பிடிக்காமல் போனது. கழற்றிப் பார்த்தால், டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பேட் எண்ணெய் குடித்துக் கறுத்து, விரலுக்கு வழவழத்தது. அதற்குமுன் லீவரை முழுவதுமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தபோதே, இன்னொரு கையால் சக்கரத்தைச் சுழற்ற முடிந்தது. அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடப் பிள்ளை தினமும் பின்னால் உட்கார்ந்து போகிறது.

கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். அதே பழக்கத்தில் பிரேக்கிற்கும் விடுகிறார்கள். கீல் உராயாமல் திரும்ப வேண்டும். பிரேக்கோ உராய்ந்தால்தான் வண்டி நிற்கும். அந்த உராய்வை அழிப்பதற்காகவே எண்ணெய் இருக்கிறது. தேங்காய் எண்ணெயானாலும், பழைய இன்ஜின் ஆயிலானாலும், துரு நீக்கும் ஸ்பிரேயானாலும், கிரீஸானாலும் விளைவு ஒன்றே. பெட்ரோலில் துடைத்துவிட்டேன், உப்புத்தாளில் தேய்த்துவிட்டேன் என்று சொல்பவர்களும் உண்டு. டிஸ்க் இரும்பு என்பதால் அதை பிரேக் கிளீனரால் சுத்தம் செய்துவிடலாம். பேட், டிரம் பிரேக்கில் அதே வேலையைச் செய்யும் ஷூ ஆகியவற்றின் நுண்துளைகளுக்குள் இறங்கிய எண்ணெயோ மேலே தேய்ப்பதால் போகாது, பிரேக் சூடேறும்போது மீண்டும் கசியும். ஆகவே எண்ணெய் பட்ட பேடை மாற்றித்தான் ஆக வேண்டும். காரில் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் அடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்துவிட்டு வந்தாலே எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் வந்து, நான்கைந்து முறை பிரேக் பிடித்ததும் மறைந்தால், அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, கவலை வேண்டாம். பல கார்களின் பேடில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். பேட் தேய்ந்து ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. மட்டுமே மிஞ்சியதும் அது டிஸ்க்கை உரசிக் கிறீச்சிடும். பேட் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்வதற்காகவே வைக்கப்பட்ட தகடு அது. அதன் வாயை அடைத்துவிட்டு ஓட்டினால், பேடின் இரும்புப் பட்டை டிஸ்க்கை அறுத்து, பேட் விலையில் முடிய வேண்டிய செலவு டிஸ்க் விலைக்குப் போகும். பைக் பேட்களில் பெரும்பாலும் தகடு இராது, பள்ளக்கோடுதான் இருக்கும். அந்தக் கோடு மறைந்துவிட்டால் பேடை மாற்றிவிடுங்கள்.

பிரேக் பிடிக்காதபோதும் உரசல் கேட்டு, ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறினால், பேடைத் தாங்கும் காலிப்பர் நகர உதவும் கம்பிகள் (பின்கள்) காய்ந்து பேட் விலகாமல் இருக்கலாம். டிஸ்க்கை ஒருபோதும் தொட்டுப் பார்க்காதீர்கள். கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும். வேகம் கூடக்கூட உறுமலாக வளரும் சத்தம், சக்கரத்தைச் சுழலவிட்டுத் தாங்கும் பேரிங்கினுடையது. வலப்புறம் திரும்பும்போது அது கூடினால், எடை இடப்பக்கம் சாய்வதால் இடச்சக்கரத்தையே முதலில் சந்தேகிப்போம். இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பிரேக்கை இயக்கும் திரவமான பிரேக் ஆயிலின் மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேய்ந்தாலும் மட்டம் இறங்கும், கசிவு இருந்தாலும் இறங்கும். எதுவென்று பார்க்காமல் நிரப்பினால் அந்த அடையாளமும் மறைந்துவிடும். டிரம்மைத் திறப்பவர்கள் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம். பழைய ஷூக்களில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும்.

ஏற்கெனவே எண்ணெய் விட்டிருந்தால், தயவுசெய்து அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வராதீர்கள். மெக்கானிக்கை வீட்டிற்கு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியை வேறொரு வாகனத்தில் ஏற்றி அனுப்புங்கள். எண்ணெய் விட்டதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.