மீறுதல்: ரயில்வே கேட்டைத் தாண்டுவது மட்டுமா?

புனித வெள்ளி ஆராதனையில் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏசாயா 53-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு, நம்முடைய அக்கிரமங்களினிமித்தம் அவர் நொறுக்கப்பட்டார்." முடிந்து ராயபுரம் கல்மண்டபம் பக்கம் நடந்து வரும்போது சண்டே கிளாஸ் பையன் ஒருவன் கேட்டான்: "மீறுதலுன்னா இன்னாண்ணா? பாவம்தானே?" ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அரைகுறைப் பதில். வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்தியது.

ஆங்கில வேதாகமத்தில் அந்த இடத்தில் நிற்கும் சொல் டிரான்ஸ்கிரஷன். லத்தீன் மூலத்தில் அதற்கு 'அப்பால் கால் எடுத்து வைப்பது' என்று பொருள். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் பராபாசிஸ். அதுவும் நடையிலிருந்து வந்ததுதான். தமிழில் 'மீ' என்றால் மேல். இருக்கும் அளவுக்கு மேலே போனால் மீறுவது. பக்கத்திலேயே வருகிற அக்கிரமத்துக்குள்ளும் ஒரு காலடி ஒளிந்திருக்கிறது. வடமொழியில் 'க்ரம்' என்றால் அடியெடுத்து வைப்பது. பிளாட்பாரத்தை வளைத்துக் கடை போட்டால் ஆக்கிரமிப்பு என்கிறோமே, அதுவும் அதே வேர்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பைக்கைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் நுழைகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருளை விளக்கவே வேண்டாம். கேட் இருந்தால்தானே மீற முடியும்? அப்போஸ்தலன் பவுலும் இதைத்தான் சொல்கிறார்: "நியாயப்பிரமாணமில்லாவிட்டால் மீறுதலுமில்லை" (ரோமர் 4:15). நியாயப்பிரமாணம் என்றால் சட்டம்.

சரி, ஏசாயா எழுதியது எபிரெயத்தில். அங்கே உள்ள சொல் பேஷா. அதில் கோடும் இல்லை, காலும் இல்லை. மோவாபின் ராஜா மேசா, இஸ்ரவேலின் ராஜாவுக்கு 1,00,000 ஆட்டுக்குட்டிகளும் 1,00,000 கடாக்களின் கம்பளியும் கப்பமாகக் கொடுத்துவந்தான். அந்த இஸ்ரவேல் ராஜா ஆகாப் செத்ததும் 'இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை' என்று நிறுத்திக்கொண்டான். இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் இதைச் சொல்லும் வினைச்சொல் பேஷாவின் வேர்தான். ஏசாயா புத்தகத்தின் தொடக்கத்திலும் அதே வினை வருகிறது: "நான் பிள்ளைகளை வளர்த்து ஆதரித்தேன், அவர்களோ எனக்கு விரோதமாகக் கலகம்பண்ணினார்கள்."

இது சட்டம் பேசுகிறவரின் குரல் இல்லை, பெற்றவரின் குரல். காசிமேட்டில் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனால் அது விதிமீறல். அதற்கு நடவடிக்கை உண்டு. அப்பனோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மகன் ஒருநாள் வலையைக் கீழே போட்டுவிட்டு "நீ யாரு எனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனால்? அதற்கு எந்த ஆபீஸில் போய் அபராதம் கட்டுவது? அதுதான் பேஷா.

அப்புறம், பாவம் என்று நாம் படிக்கிற இடங்களில் பெரும்பாலும் இருக்கும் எபிரெயச் சொல்லின் வேருக்குக் குறி தப்புவது என்று பொருள். கவண் கல்லை ஒரு மயிரிழைகூடத் தப்பாமல் எறிந்த 700 இடதுகை வீரர்களைப் பற்றி நியாயாதிபதிகள் 20:16 சொல்கிறது; அந்தத் 'தப்பாமல்' இதே வேர். (தமிழில் பாவத்துக்கு வேறொரு தொல்லை. ஐயோ பாவம் என்று இரக்கப்படவும் அதே சொல்தான்.) அக்கிரமத்துக்கு உள்ள சொல்லில் கோணல் என்ற பொருள் அடங்கியிருக்கிறது. சங்கீதம் 51 முதல் இரண்டு வசனங்களிலேயே மீறுதல், அக்கிரமம், பாவம் மூன்றையும் அடுக்கிவிடுகிறது.

தமிழ் வேதாகமம் பேஷாவை எல்லா இடத்திலும் மீறுதல் என்று வைக்கவில்லை. மோவாபுக்குக் கலகம், ஆமோஸில் பாதகம். ஓசியா 6:7-இல் "உடன்படிக்கையை மீறி" என்று வருகிறது. அங்கே மூலச்சொல்லே கடப்பதுதான், யோர்தானைக் கடந்ததற்கும் அதே வினை. அந்த இடத்துக்கு மீறுதல் கச்சிதம். ஏசாயா 53-க்கு நானாக இருந்தால் கலகம் என்றே போடுவேன். விதிமீறல், எல்லை மீறல் என்று தினமும் செய்தியில் படித்துப் படித்து, மீறுதல் நம் காதில் அபராத ரசீது மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம் மேசாவிலிருந்து ஆரம்பித்தேன். கேட்டுவிட்டு, "அவ்ளோ ஆட்ட எங்கண்ணா கட்டுவாங்க?" என்றான்.